கெச்சப் வண்டியும் கடுகு வண்டியும்

"ஏங்க, ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள் ஓலீட்டா.

"பேசாதே. நீ பேசினா எனக்குக் காது கேக்காது" என்றார் ஹார்லன்.

அவர் கண்ணை ஓலீட்டாவின் சமையல் ஏப்ரனால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டியதில் காதும் பாதி மூடிப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து கெளுத்தி மீன் பொரித்த எண்ணெயும் சோளமாவும் அந்த ஏப்ரனில் ஊறியிருந்தன. மாவு மூக்கில் ஏறி, உள்ளே ஒரு பெரிய தும்மல் கிளம்பிக்கொண்டிருந்தது. தும்மக்கூடாது. தும்மும் நேரம் பார்த்துத்தான் வண்டியின் டர்போ எழுந்திருக்கும். அது எழுந்திருக்கிற அந்த நொடியில்தான் எல்லாமே இருக்கிறது.

"இப்போ மிதி!"

ஓலீட்டா மிதித்தாள். புத்தம்புது பிக்கப் குதித்துக் கிளம்பியது. ஹார்லன் தும்மினார்.

"எப்படி?"

"நிறுத்து. திருப்பு. இன்னொரு தடவை."

"எத்தனை தடவைங்க? அடுப்புல மீன் கெடக்கு."

"மீன் எங்க போயிடும்? செத்துதானே கெடக்கு?"

இவ்வளவுக்கும் காரணம் ஹார்லனுடைய வாய்தான்.

டக்கர் ஃபோர்க் ஊரின் தீயணைப்புப் படையில் சம்பளக்காரர் ஒருவரும் கிடையாது. மணி அடித்தால் அவரவர் வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவருகிறவர்கள். அவர்களுடைய தண்ணீர்த் தொட்டியை இழுக்கும் பழைய பிக்கப், போன குளிர்காலத்தில் கழுதைமேட்டின் பாதி ஏற்றத்தில் உயிரை விட்டது. மேலே எரிந்துகொண்டிருந்த வைக்கோல் கொட்டகை, இவர்களுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, சலித்துப்போய்த் தானே அணைந்தது. அதற்குப் பிறகு புது வண்டி வாங்குவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எந்த என்ஜின் என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிளந்தது.

ஒரே கம்பெனி, ஒரே பிக்கப். ஒரு வகையில் பெரிய டர்போ ஒன்று. இன்னொரு வகையில் சின்னதாக இரண்டு.

"பெருசு ஒண்ணுதான் சரி" என்று காபிக்கடையில் ஆரம்பித்தார் படைத் தலைவர் ஹார்லன். "வெளிய போற புகை சக்கரத்தைச் சுத்தும், சக்கரம் காத்தை அள்ளி என்ஜினுக்குள்ள திணிக்கும். டர்போன்னா அவ்வளவுதான். பெரிய சக்கரம் சுத்த ஆரம்பிக்க ஒரு மூச்சு லேட்டாகும், ஒத்துக்கறேன். ஆனா சுத்த ஆரம்பிச்சுதுன்னா கழுதைமேட்டையே கட்டி இழுத்துட்டு வரும்!"

"அந்த ஒரு மூச்சுக்குள்ள வீடு எரிஞ்சுடும் மாமா" என்றான் டாய்ல்.

டாய்ல், ஓலீட்டாவின் தம்பி. படையில் துணைத் தலைவன். மாமா மேற்கே பார்த்தால் கிழக்கே பார்ப்பது அவனுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"ஆறு சிலிண்டர்ல இந்தப் பக்கம் மூணுக்கு ஒரு டர்போ, அந்தப் பக்கம் மூணுக்கு ஒரு டர்போ. சின்னச் சக்கரம், தொட்டதும் சுத்தும். நீங்க மிதிச்ச கால் கீழ போறதுக்குள்ள வண்டி அடுத்த ஊர்ல நிக்கும்."

"ரெண்டு டர்போன்னா கெட்டுப்போறதுக்கு ரெண்டு சாமான்."

"ஒண்ணுன்னா, அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"அடேய், இப்போ வர்ற பெருசுக்குள்ளயே ரெண்டு வழி வச்சிருக்கான்டா. மூக்குல ரெண்டு ஓட்டை மாதிரி. திணறவே திணறாது."

"ரெண்டு ஓட்டை இருந்து என்ன? சளி புடிச்சா ரெண்டும் சேர்ந்துதானே மாமா அடைக்குது?"

காபிக்கடை மொத்தமும் சிரித்தது. அங்கேதான் ஹார்லன் வாயை மூடியிருக்க வேண்டும். அவர் மேஜையைத் தட்டி எழுந்துவிட்டார்.

"என் கண்ணைக் கட்டி உக்கார வையுங்க! எது ஒத்தை, எது ரெட்டைன்னு என் முதுகு சொல்லும். தப்பாச் சொன்னா என் ஹெல்மெட்டு உனக்கு!"

"நான் தப்பாச் சொன்னா, இந்தக் கோடை முழுக்க உங்க லாரியில வந்து குழாய் புடிக்கிறேன்" என்றான் டாய்ல்.

கடையில் இரண்டு பேர் காபியைத் தள்ளி வைத்தார்கள். ஹார்லனுடைய தொழில் செப்டிக் டேங்க் காலி செய்வது.

எதைப் பணயம் வைத்துவிட்டோம் என்பது ஹார்லனுக்கு உறைத்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். அவர் லாரி தெருவில் திரும்பினால் ஜனங்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அதே மனிதர் தலைவருக்கான வெள்ளை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தால், சாத்திய ஜன்னலைத் திறந்து கை அசைப்பார்கள். கல்யாணத்துக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். தேவாலயத்தில் கழற்றச் சொன்னபோது மடியில் வைத்துக்கொண்டார். அது போய்விட்டால் தெரு முழுவதும் சாத்திய ஜன்னல்தான். நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

சோதனைக்கு நாள் குறித்தது, படைக்கு நிதி சேர்க்க ஊர் கூடிக் கெளுத்தி மீன் பொரிக்கும் சனிக்கிழமை. காலையில் வண்டி விற்கும் கடையிலிருந்து ட்ரூடி ஒரு வெள்ளை பிக்கப்பில் வந்து இறங்கினாள். பின்னாலேயே அவள் கடை ஆள் இன்னொரு வெள்ளை பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். ட்ரூடி கையில் ஓர் அளவு நாடா இருந்தது.

"ஹார்லன், இந்த வண்டிங்களப் பத்தி ஒரு விஷயம் சொல்லிடறேன்…"

"வாயைத் திறக்காதே!"

"இல்ல, இது ரெண்டும்…"

"ட்ரூடி! ஒரு வார்த்தை சொன்னாலும் சோதனை செல்லாது. கண்ணைக்கூடச் சிமிட்டாதே."

"ஆமா, சிமிட்டாதே" என்றான் டாய்ல். "மாமாவுக்குச் சாடை காட்டிட்டேன்னா?"

மாமாவும் மாப்பிள்ளையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. ட்ரூடி அளவு நாடாவை டாய்லிடம் நீட்டினாள்.

"சரி, இதையாவது வச்சுக்குங்க. உங்க வாசல்…"

"போ, போ, கெளம்பு!"

அவள் தலையில் அடித்துக்கொண்டு, "சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்" என்று கடை ஆளையும் கூட்டிக்கொண்டு வழியில் வந்த கார் ஒன்றில் ஏறிப் போய்விட்டாள். நாடாவை வைத்து டாய்ல், வண்டி ஓடவேண்டிய தூரத்தை அளந்தான்.

ஓலீட்டா இரண்டு வண்டியிலும் எழுத்து இருந்த இடமெல்லாம் டேப் ஒட்டி மறைத்தாள். பானெட்டையும் யாரும் திறக்காதபடி டேப் போட்டு மூடினாள். அடையாளத்துக்காக பாஸ்டர் கிளைட் ஒரு வண்டிக்குள் கெச்சப் பாட்டிலையும் மற்றதில் கடுகு சாஸ் பாட்டிலையும் வைத்தார். ஓட்டுவது ஓலீட்டா. ஒருவருக்கு மனைவி, ஒருவனுக்கு அக்கா. இரண்டு பேரையும் சமமாகத் திட்டக்கூடியவள் ஊரில் அவள் ஒருத்திதான்.

இந்த முறை ஹார்லன் தும்மவில்லை.

"மிதி!"

கெச்சப் வண்டி கிளம்பியது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு முதுகுத்தண்டில் ஏதோ மெல்லக் கை வைத்து, வைத்த கையை எடுக்காமல் தள்ளியது. ஹார்லனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"வந்துட்டான்! வந்துட்டான் ஓலீட்டா! ஒத்தை டர்போ! அந்த ஒரு மூச்சு லேட்டை கவனிச்சியா?"

"நான் கியர் மாத்திட்டிருந்தேன்."

"அதுக்கு முன்னாடி!"

"எனக்கென்னமோ நம்ம பழைய வண்டி மாதிரியே கேக்குதுங்க."

ஹார்லனுக்கு மனைவி மேல் இரக்கமே வந்தது. "அந்தக் கிழட்டு வண்டிக்கு டர்போவே கிடையாதும்மா. டர்போன்னு ஒண்ணு உலகத்துல இருக்கறதே அதுக்குத் தெரியாது. நீ ரோட்டைப் பாரு."

கடுகு வண்டியில் அவர் சந்தேகமே படவில்லை. தொட்டதும் பாய்ந்தது. இரண்டு சின்ன டர்போ, வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று, தனித்தனியாகக் கேட்டன. இறங்கி ஏப்ரனை அவிழ்த்து வீசினார். "கெச்சப்பு ஒத்தை! கடுகு ரெட்டை!"

அடுத்தது டாய்ல். அவனும் கண்ணைக் கட்டிக்கொண்டு போய்வந்தான். இறங்கும்போது அவன் முகமும் பளபளத்தது.

"கடுகு ஒத்தை! கெச்சப்பு ரெட்டை! சத்தியமாச் சொல்றேன், உள்ளங்கால்ல தெரியுது!"

"உனக்கு உள்ளங்கால்ல தெரிஞ்சது ஓட்டை சாக்ஸு!"

கூட்டம் உற்சாகத்தில் துள்ளியது. கெச்சப் கட்சி ஒரு பக்கம், கடுகு கட்சி ஒரு பக்கம் என்று பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. அப்போதே பானெட்டைத் திறந்து பார்த்திருந்தால் மீன் ஆறுவதற்குள் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் டாய்ல் அவ்வளவு உறுதியாகச் சொன்னது ஹார்லனை உறுத்தியது.

"வெறும் வண்டி என்ன வண்டி?" என்றார். "பாரம் ஏத்துனாத்தான் டர்போவோட சுயரூபம் தெரியும். தொட்டியைக் கட்டு. கழுதைமேட்டுல ஏத்திப் பாத்துடுவோம்."

தலைவர் என்ற முறையில் தொட்டியை அவரே வண்டியின் பின்னால் மாட்டினார், அவரே தண்ணீர் நிரப்பினார். நிறைந்துவிட்டதா என்று பின்பக்க வால்வைத் திருகிப் பார்த்தார். நிறைந்திருந்தது. ஆவல் தாங்காமல் ஓடிப்போய் முன் சீட்டில் ஏறிக் கண்ணைக் கட்டிக்கொண்டார். டாய்ல் பின் சீட்டில் ஏறி அவனும் கட்டிக்கொண்டான்.

கெச்சப் வண்டி மேட்டில் ஏற ஆரம்பித்தது. திணறியது. கீழே ஊரே கத்தியது.

"கேட்டியா? நமக்காகத்தான் கத்துறாங்க" என்றார் ஹார்லன்.

"எல்லாரும் கையை ஆட்டறாங்க" என்றாள் ஓலீட்டா, கண்ணாடியில் பார்த்து.

"நீயும் ஆட்டு!"

ஓலீட்டா ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினாள். பாதி மேட்டில் அது நடந்தது. திணறிக்கொண்டிருந்த வண்டி மெல்ல மூச்சு வாங்கி, கொஞ்சம் வேகம் பிடித்து, இன்னும் கொஞ்சம் பிடித்து, பிறகு பாரமே இல்லாததுபோல் மேலே பறந்தது. பின்னாலிருந்து "உய்ங்ங்" என்று ஒரு நீண்ட விசில் எழுந்தது.

"எழுந்துட்டான்!" ஹார்லன் இரண்டு கையாலும் கதவை அடித்தார். "பெரிய டர்போ எழுந்துட்டான்! எப்படி இழுக்கறான் பாரு! ஐயோ, ஓலீட்டா, எனக்கு அழுகையே வருது!"

"விசிலைக் கேளுங்க மாமா! ரெண்டு விசில்! ஒண்ணு மெல்லிசு, ஒண்ணு தடிப்பு! ரெட்டையேதான்!"

இருவரும் சந்தோஷத்தில் மாற்றி மாற்றிக் கத்தியபடி கீழே வந்து கண்கட்டை அவிழ்த்தார்கள்.

ஊர் பெஞ்சுகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. ஆளுக்கொரு தட்டு கையில். பெஞ்சுகளுக்குக் கீழே, கழுதைமேட்டிலிருந்து இறங்கி வந்த தண்ணீர் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. கோஸ் சாலட் கிண்ணம் ஒன்று அதில் மிதந்து தீயணைப்பு நிலையத்தின் பக்கம் போனது. பாஸ்டர் கிளைட் முழங்கால்வரை பேண்டைச் சுருட்டிவிட்டு நின்றார்.

"வால்வு" என்றார் பாஸ்டர். "வால்வை மூடு, வால்வை மூடுன்னு தொண்டை கிழியக் கத்தினோம். பதிலுக்கு ஓலீட்டா டாட்டா காட்டறா."

பாரம் இல்லாத தொட்டி, திறந்த வால்வுக்குள் புகுந்த காற்று, விசில் எல்லாம் ஹார்லனுக்கு ஒரே நேரத்தில் புரிந்தது. தலையிலிருந்த ஹெல்மெட் திடீரென்று கனத்தது.

"வாழ்நாள் பூரா தொட்டி காலி பண்றவரு" என்று டாய்ல் மெல்ல ஆரம்பித்தான்.

"வாயை மூடு மாப்ளே."

"வால்வை மூடுன்னு சொன்னப்ப மூடியிருந்தா…"

"அந்தச் சோதனை செல்லாது!" என்று முழங்கினார் ஹார்லன். "கெச்சப்பை இங்க விட்டுட்டு, தொட்டியைக் கடுகுல மாட்டு! தண்ணியை நிரப்பு!"

ஜனங்கள் பெஞ்சு மேல் நின்றபடியே மீனைத் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, கடுகு வண்டியைத் தேடிப் போனார்கள். ஒரு வண்டிக்குள் கடுகு பாட்டில் இருந்தது. ஆனால் மற்ற வண்டிக்குள்ளும் கடுகு பாட்டில்தான் இருந்தது.

பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "மேஜை மேல இருந்த பாட்டில் எல்லாம் தண்ணியோட போயிடுச்சு. ஜனங்க கேட்டாங்கன்னு வண்டியில இருந்ததை எடுத்தேன். திரும்ப வச்சுட்டேனே?"

"கெச்சப்பு எங்க?"

"தீந்துபோச்சு. அதுக்குப் பதிலா தண்ணியில கெடச்ச இன்னொரு கடுகு வச்சேன்."

அதற்குள் யாரோ தொட்டியைக் கழற்றிவிட்டு, வண்டிகளைச் சேற்றிலிருந்து நகர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டும் வெள்ளை. இரண்டிலும் கடுகு. எது எது என்று யாருக்கும் தெரியவில்லை. கட்சிக்காரர்களுக்கே தாங்கள் எந்தக் கட்சி என்று குழப்பம் வந்துவிட்டது.

ஹார்லன் அசரவில்லை. கனத்த ஹெல்மெட்டைக் கழற்றும் நேரம் இன்னும் வரவில்லை. "எனக்குக் காது போதும். ஓலீட்டா, ரெண்டையும் நின்ன இடத்துலயே உறும விடு."

ஓலீட்டா முதலில் இடது வண்டியை உறுமவிட்டாள், பிறகு வலது வண்டியை. ஹார்லனும் டாய்லும் சேற்றில் குனிந்து, ஒரே மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். இருவரும் இடது வண்டியைக் காட்டினார்கள்.

"இதுதான் ஒத்தை!"

டாய்ல் தன் நீட்டிய விரலையே பயத்தோடு பார்த்தான். மாமாவோடு ஒத்துப்போய்விட்டோம் என்பது அவனால் தாங்கக்கூடியதாக இல்லை.

"இல்ல, இல்ல. இது ரெட்டை. அதான் ஒத்தை" என்று விரலை வலப்பக்கம் திருப்பினான்.

ஹார்லனுக்குச் சந்தேகம் வந்தது. இவன் ஏன் மாற்றுகிறான்? எதையோ கேட்டிருக்கிறான். "அப்போ… நானும் அதைத்தான்…" என்று அவர் விரலும் வலப்பக்கம் நகர்ந்தது. உடனே டாய்லின் விரல் இடப்பக்கம் வந்தது.

"போதும்!" என்றார் பாஸ்டர். "விரல் நின்ன இடம் நின்னதுதான். ஹார்லன், வலது ஒத்தை, இடது ரெட்டை. டாய்ல், இடது ஒத்தை, வலது ரெட்டை. இனிமே யாரும் மாத்தக் கூடாது. ஹெல்மெட்டைக் கழட்டு ஹார்லன்."

ஹார்லன் கழற்றினார். நெற்றியில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. பாஸ்டர் அதை வாங்கி இடது வண்டியின் பானெட் மேல் வைத்தார்.

"உள்ள இருக்கறதை யாரு சரியாச் சொன்னாங்களோ, இந்த ஹெல்மெட்டு அவங்க தலைக்கு. கர்த்தர் சாட்சியா, ஊர் சாட்சியா."

"சம்மதம்!" என்று ஊர் கத்தியது.

"எனக்கும் ஒரு சந்தேகம்…" என்று ஆரம்பித்தாள் ஓலீட்டா. "காலையிலேருந்து சொல்றேன், இது நம்ம பழைய வண்டி சத்தம்…"

"அக்கா!" என்றான் டாய்ல்.

"ஓலீட்டா!" என்றார் ஹார்லன்.

அந்த நேரத்தில்தான் ட்ரூடி வந்து இறங்கினாள். சேற்றையும் பெஞ்சு மேல் நின்ற ஜனங்களையும் பார்த்தாள். எதுவும் கேட்கவேண்டாம் என்று முடிவு செய்தவள்போல் நேராக வண்டியிடம் வந்தாள்.

"வாசல் உயரம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

எல்லோர் கண்ணும் பானெட் மேலேயே இருந்தது.

"ட்ரூடி, நீ இப்போ பேசலாம்" என்றார் பாஸ்டர். "முதல்ல பானெட்டைத் திற."

ட்ரூடி பானெட் மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்து, பக்கத்தில் நின்ற ஓலீட்டாவிடம் நீட்டினாள். "அக்கா, இதைக் கொஞ்சம் புடிங்க." பிறகு நகத்தால் டேப்பைக் கீற ஆரம்பித்தாள்.

கீறும் சத்தம் ஒவ்வொன்றும் ஹார்லனின் நெஞ்சில் விழுந்தது. தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தும் ஓசை கேட்டது அவருக்கு. டாய்ல், கோடை முழுக்கப் பிடிக்க வேண்டிய குழாயை நினைத்து மூக்கை மூடிக்கொண்டான். பானெட் உயர்ந்தது. இருவரும் காலையிலிருந்து வந்த பழக்க தோஷத்தில் கண்ணை இறுக மூடினார்கள்.

"எத்தனை டர்போ ட்ரூடி?" என்று கேட்ட ஹார்லனின் குரல் அவருக்கே கேட்கவில்லை. "ஒண்ணா, ரெண்டா?"

"டர்போவா? அதைத்தானே காலைல சொல்ல வந்தேன், பேச விட்டீங்களா? டர்போ வண்டி ரெண்டும் வியாழக்கிழமைதான் வருது. இதுங்க உங்க தீயணைப்பு நிலையத்து வாசல்ல நுழையுதான்னு அளந்து பாக்க அனுப்பின சாதா வண்டிங்க, ரெண்டுக்குள்ளயும் இருக்கறது உங்க பழைய வண்டியில இருந்த அதே என்ஜின்தான்!"